மலைப்பக்கம் பறப்பது பற்றி மாணவ பைலட்டுகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சின்ன விமானங்களில் பறக்கக் கற்றுக்கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் சிலர் இங்கேயே பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். சிலர் பைலட் படிப்புக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி வந்தவர்கள். வகுப்பில் கேட்கத் தயங்கியதை டீ குடிக்கும்போது தமிழில் கேட்பார்கள். மலையும் பள்ளத்தாக்கும் பற்றி அப்படி வந்த கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். இதைப் படித்துவிட்டு நேராக மலைக்குக் கிளம்ப வேண்டாம். உங்கள் இன்ஸ்ட்ரக்டரோடு உட்கார்ந்து பேசுவதற்கு இதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரையில்தானே படிக்கிறோம், மலைப் பாடம் எங்களுக்கு எதற்கு?

டர்பனின் வர்ஜினியா விமான நிலையத்தின் ஓடுபாதை கடல் மட்டத்திலிருந்து சுமார் 20 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே திரும்பினால் தரை உடனே ஏறத் தொடங்கும். அரை மணி நேரத்துக்குள் பீட்டர்மாரிட்ஸ்பர்க். அதன் ஓடுபாதையே 2,400 அடிக்கு மேல். ஊரை ஒட்டி நிற்கும் ஹில்டன் மேடு 3,500 அடியைத் தாண்டும். இன்னும் முக்கால் மணி நேரம் போனால் டிராகன்ஸ்பர்க், 10,000 அடிக்கு மேல் சுவர் மாதிரி நிற்கும். எங்கள் மாகாணமான குவாசூலு-நட்டாலில் சமதளம் என்பது கடலோரத்தில் ஒரு பட்டைதான். மீதியெல்லாம் படிக்கட்டு. உங்கள் முதல் கிராஸ் கன்ட்ரி (ஊர்விட்டு ஊர் போகும்) பறப்பிலேயே அந்தப் படிக்கட்டில் கால் வைத்துவிடுவீர்கள். மலை தானாக உங்களிடம் வரும், அதற்கு முன்னால் பாடம் வர வேண்டும்.

எத்தனை மணி நேரம் பறந்த பிறகு மலைப்பக்கம் கூட்டிப் போவீர்கள்?

தனியார் பைலட் உரிமத்துக்கு இங்கே குறைந்தது 45 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஆனால் இந்தக் கேள்விக்கு மணிக்கணக்கை வைத்து நான் பதில் சொல்வதில்லை. மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். மெதுவான வேகத்தில் விமானத்தைப் பதற்றமில்லாமல் பிடிக்கத் தெரிய வேண்டும். செங்குத்தாகச் சாய்த்துத் திருப்பும்போது உயரம் குறையக் கூடாது. ஸ்டால் (இறக்கை தூக்கும் விசையை இழப்பது) ஆகப்போகிறது என்பதை ஹார்ன் கத்துவதற்கு முன்பே கையிலும் இருக்கையிலும் உணர வேண்டும். இந்த மூன்றும் வந்தவரை 20 மணி நேரத்திலும் கூட்டிப் போயிருக்கிறேன். வராதவரை 50 மணி நேரத்திலும் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

முதல் பாடம் விமானத்திலா, தரையிலா?

தரையில். ஒரு மேசையில் நாலைந்து பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்து, மேலே ஈரத் துண்டைப் போர்த்துவேன். முகடு, கணவாய், கிளைப் பள்ளத்தாக்கு எல்லாம் அதில் தெரியும். அப்புறம் ஒரு நூலை ஆறாக ஓடவிட்டு, "இந்த ஆற்றைப் பிடித்துக்கொண்டு போனால் கடைசியில் எங்கே போய் நிற்பாய்?" என்று கேட்பேன். எந்த ஆற்றையும் எதிர்த்துப் போனால் அது குறுகும், தரை உயரும், கடைசியில் ஒரு சுவர் வரும். விரலை வைத்து நகர்த்திப் பார்த்தவர்களுக்கு இது மறக்காது.

அதன் பிறகு ஒரு நாள் காரில் போத்தாஸ் ஹில் போய், ஆயிரம் குன்றுகள் பள்ளத்தாக்கை மேலிருந்து பார்ப்போம். எந்தச் சரிவில் வெயில் விழுகிறது, புல் எந்தப் பக்கம் சாய்கிறது, புகை எங்கே மேலே போகிறது, எங்கே படுத்துக்கொள்கிறது என்று ஒரு மணி நேரம் வெறுமனே கவனிப்போம். விமானத்தில் இதைப் பார்க்க உங்களுக்குச் சில நொடிகள்தான் கிடைக்கும்.

காற்று மலையில் மோதினால் உண்மையில் என்ன நடக்கிறது?

ஆற்றில் பாறை கிடந்தால் தண்ணீர் என்ன செய்யும் என்று பார்த்திருப்பீர்கள். பாறைக்கு முன்னால் மேலே ஏறும், தாண்டியதும் சரிந்து விழும், பின்னால் சுழிக்கும், இன்னும் கீழே போய் அலை அலையாக எழும்பும். காற்றும் அதைத்தான் செய்கிறது. காற்று வந்து மோதும் பக்கத்தில் விமானம் தூக்கப்படும். மறைவுப் பக்கத்தில் அமுக்கப்படும். அந்த இறங்கு காற்று நிமிடத்துக்கு 1,000 அடி, சில நாள் அதற்கும் மேல் உங்களைக் கீழே தள்ளும். முழு த்ராட்டிலில், அதாவது எஞ்சினின் முழு பவரில் கூட, செஸ்னா 172 என்ற நாலு சீட் விமானம் கடல் மட்டத்திலேயே நிமிடத்துக்கு 700 அடி அளவில்தான் ஏறும். கணக்கு உங்களுக்கே புரியும்.

தென்தமிழ்நாட்டுப் பிள்ளைகளிடம் முப்பந்தலை நினைக்கச் சொல்வேன். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று நெருக்கியடித்து வேகம் எடுப்பதால்தான் அங்கே அத்தனை காற்றாலைகள். கணவாய்க்குள் காற்று எப்போதும் வெளியில் இருப்பதைவிட வேகமாக இருக்கும். வானிலை அறிக்கையில் 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) என்று போட்டிருந்தால் கணவாயில் 25 இருக்கலாம். ஆகவே முகட்டின் உயரத்தில் காற்று 20 நாட்டைத் தாண்டும் என்று தெரிந்தால் மாணவரோடு மலைப்பக்கம் போகமாட்டேன்.

நம் ஊருக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் இங்கே காற்று அடிக்கடி மேற்கிலிருந்து வீசும். அப்போது டிராகன்ஸ்பர்க் முழுவதற்கும் மறைவுப் பக்கம் எது? நாம் பறக்கும் இந்தப் பக்கம்தான். மலையிலிருந்து தொலைவில், வெறும் அடிவாரத்து மேய்ச்சல் நிலத்துக்கு மேலேயே அந்தச் சுழல் உங்களைப் பிடிக்கும். வானத்தில் பயறு வடிவத்தில், மழுமழுவென்று, நகராமல் நிற்கும் மேகத்தைப் பார்த்தால் மேலே அலைக் காற்று இருக்கிறது என்று பொருள். அதன் கீழே கிழிந்த பஞ்சு மாதிரி உருளும் மேகம் இருந்தால் அங்கே ரோட்டார், அதாவது உருண்டு புரளும் சுழல் காற்று. அந்த நாளில் மலைப்பக்கம் வேண்டாம். கடலோரம் போய்த் தரையிறங்கும் பயிற்சி செய்வோம்.

பெர்க் விண்ட் என்கிறார்களே, அது என்ன?

உள்நாட்டுப் பீடபூமியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் காற்று. இறங்க இறங்க அழுத்தப்பட்டுச் சூடாகும், உலரும். ஜூலை மாதத்தில் திடீரென்று டர்பன் சித்திரை மாதம் போலக் கொதித்தால் அதுதான் காரணம். வானம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், பறக்க அருமையான நாள் என்று தோன்றும். ஆனால் சரிவுகளில் கடுமையான குலுக்கல் இருக்கும். அதைவிட முக்கியமானது அதற்குப் பின்னால் வருவது. பெர்க் விண்ட் ஓய்ந்ததும் தென்மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று பாய்ந்து வரும். வெப்பம் சடாரென்று இறங்கும், தாழ்ந்த மேகம் கரையை மூடும். காலையில் தெளிந்த வானத்தில் கிளம்பியவர் மாலையில் திரும்ப இடமில்லாமல் தவிப்பார். இரண்டையும் ஒரே வானிலையாகச் சேர்த்துப் படியுங்கள்.

முகட்டை ஏன் நேராகக் கடக்கக் கூடாது என்கிறீர்கள்?

நேராகப் போனால், பாதியில் அமுக்குகிறது என்று தெரிந்ததும் தப்பிக்க 180 பாகை திரும்ப வேண்டும். 45 பாகை சாய்வாக நெருங்கினால் 90 பாகை திரும்பினாலே முகட்டை விட்டு விலகிவிடலாம். பாதி நேரம், பாதி இடம். உயரம் முகட்டுக்கு மேல் 1,000 அடியாவது இருக்கட்டும், காற்று இருந்தால் 2,000 அடி. முகட்டை அடைவதற்கு முன்பே அந்த உயரம் கையில் இருக்க வேண்டும். போகப் போக ஏறிக்கொள்ளலாம் என்பது கூடாது.

இன்னொன்று, கண்ணால் பார்த்துக் கற்க வேண்டியது. முகட்டுக்குப் பின்னால் இருக்கும் நிலம் நீங்கள் நெருங்க நெருங்க அதிகமாகத் தெரிந்தால் முகடு உங்களுக்குக் கீழே இருக்கிறது. பின்னால் தெரிந்த நிலம் மறைந்துகொண்டே போனால் நீங்கள் முகட்டுக்குக் கீழே போய்க்கொண்டிருக்கிறீர்கள். உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் என்ன சொன்னாலும் அப்போதே திரும்புங்கள்.

பள்ளத்தாக்குக்குள் எந்தப் பக்கம் பறக்க வேண்டும்?

மாணவர்கள் எல்லோரும் முதலில் நடுவில்தான் பறப்பார்கள். இரண்டு பக்கச் சுவரும் சம தூரத்தில் இருந்தால் பாதுகாப்பு என்று மனசு சொல்லும். அங்கேதான் தவறு. நடுவில் இருந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் பாதி அகலம்தான் கிடைக்கும். ஒரு பக்கத்தை ஒட்டிப் போனால் முழு அகலமும் திரும்புவதற்குக் கிடைக்கும்.

எந்தப் பக்கத்தை ஒட்டுவது என்பதைக் காற்று சொல்லும். வடக்கு தெற்காகக் கிடக்கும் பள்ளத்தாக்கில் மேற்குக் காற்று அடிக்கிறது என்று வையுங்கள். மேற்குச் சுவர் மறைவுப் பக்கம், அங்கே காற்று அமுக்கும். கிழக்குச் சுவரில் காற்று வந்து மோதி மேலே ஏறும். ஆகவே கிழக்குச் சுவர் பக்கம். அங்கிருந்து திரும்பினால் எதிர்காற்றை நோக்கித் திரும்புவீர்கள், வட்டம் தரைக்கு மேல் சுருங்கும். மேற்குச் சுவரிலிருந்து திரும்பினால் பின்காற்று உங்களை எதிர்ச் சுவரை நோக்கித் தள்ளும்.

இப்போது அளவைப் பாருங்கள். 30 பாகை சாய்வில் 90 நாட் வேகத்தில் திரும்பினால் வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய 380 மீட்டர். முழுதாகத் திரும்பி வர அதன் இரண்டு மடங்கு, 760 மீட்டர் அகலம் வேண்டும். அதே சாய்வில் வேகத்தை 70 நாட்டுக்குக் குறைத்தால் ஆரம் 230 மீட்டராகிவிடும். வேகம் வர்க்கமாக வேலை செய்கிறது, கொஞ்சம் குறைத்தாலே நிறைய இடம் மிஞ்சும். மறுபக்கம், 8,000 அடி உயரத்தில் வேகமானி 90 நாட் காட்டும்போது உண்மையான வேகம் 104 நாட் அளவுக்கு இருக்கும். அப்போது ஆரம் 500 மீட்டர், அகலம் ஒரு கிலோமீட்டர். கடலோரத்தில் கண் பழகிய வட்டம் மலையில் பொருந்தாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் இன்னும் அதிகமாகச் சாய்க்கலாமே என்று கேட்பீர்கள். சாய்க்கலாம். 45 பாகையில் ஆரம் வெகுவாகக் குறையும். ஆனால் ஸ்டால் ஆகும் வேகம் 19 விழுக்காடு கூடிவிடும், 60 பாகையில் 41 விழுக்காடு. மெதுவாகவும் இருந்து, அதிகமாகவும் சாய்த்து, சுவரைப் பார்த்த பயத்தில் கண்ட்ரோலையும் இழுத்தால் மலையில் மோதுவதற்கு முன்பே விமானம் சுழன்று விழும். இதனால் இந்தத் திருப்பத்தைப் பள்ளத்தாக்கில் கற்றுக்கொடுக்கமாட்டேன். கரும்புக் காட்டுக்கு மேல் 3,000 அடியில், இரண்டு வண்டிப் பாதைகளை இரண்டு சுவர்களாக வைத்துக்கொண்டு, வேகத்தைக் குறை, ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பு மடல்) கொஞ்சம் இறக்கு, பவர் கொடு, திரும்பு என்று பத்துப் பதினைந்து முறை செய்ய வைப்பேன். கற்பனைச் சுவரில் மோதியவர் அடுத்த முறை திருந்துவார். எத்தனை ஃப்ளாப், எந்த வேகம் என்பது உங்கள் விமானத்தின் கையேட்டைப் பொறுத்தது.

உங்களுக்கே அப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

நடந்தது. உரிமம் வாங்கிய புதிது, தனியாகப் பறந்தேன். அடிவாரத்தில் ஒரு பள்ளத்தாக்கு, அழகாக இருந்தது. கீழ்ப்பக்கத்திலிருந்து நுழைந்து நடுவில் போனேன். த்ராட்டிலை முழுவதும் தள்ளியும் விமானம் ஏறவில்லை. ஏறும் வேகத்தைக் காட்டும் முள் கீழே இறங்கியது. தரை மட்டும் ஏறிக்கொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகளின் கொம்பு தெரிந்தது. வலப்பக்கம் ஒரு கிளைப் பள்ளத்தாக்கு திறந்ததால் அதற்குள் மூக்கைத் தாழ்த்தித் திரும்பி வெளியே வந்தேன். அந்தத் திறப்பு அங்கே இருக்கும் என்று எனக்கு முன்கூட்டித் தெரியாது. நான் திரும்பியிருக்க வேண்டியது அதற்கு இரண்டு நிமிடம் முன்னால், ஒரு கிலோமீட்டர் அகலம் இருந்த இடத்தில். அன்று இரவு தூங்கவில்லை. அதிலிருந்துதான் என் மாணவர்களுக்கு ஒரே ஒரு கட்டாய விதி வைத்தேன்: பள்ளத்தாக்கில் ஒவ்வொரு நிமிடமும் "இப்போது திரும்ப முடியுமா?" என்று வாய்விட்டுக் கேட்டு, வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். "முடியும்" என்று சட்டென்று வராத நொடியில் திருப்பம் தொடங்கிவிட வேண்டும்.

மேலிருந்து கீழாகப் பள்ளத்தாக்கில் இறங்குவது வேறு. அங்கே தரை உங்களை விட்டு விலகிக்கொண்டே போகும். முதல் பறப்புகளை நான் அப்படித்தான் வைக்கிறேன்.

விமானம் ஏறுகிறதே, தரை எப்படி முந்தும்?

நிமிடத்துக்கு 400 அடி ஏறும் விமானம் அதே நிமிடத்தில் ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் முன்னால் போய்விடும். அந்த இரண்டரை கிலோமீட்டரில் தரை 500 அடி உயர்ந்தால் நீங்கள் ஏற ஏறத் தரையை நெருங்கிக்கொண்டே இருப்பீர்கள். இதில் கண்ணும் ஏமாற்றும். முன்னால் ஏறும் சரிவின் விளிம்பை அடிவானம் என்று மனசு எடுத்துக்கொள்ளும். விமானம் மட்டமாகப் போவதாக நினைத்துக்கொண்டே மூக்கை மெல்ல மெல்லத் தூக்குவீர்கள், வேகம் குறைந்துகொண்டே வரும். மலைக்குள் போனால் வேகமானியைப் பார்க்கும் இடைவெளியைப் பாதியாக்குங்கள்.

வெயில் நாளில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் விமானம் சோம்பலாக இருக்கிறதே?

காற்று மெலிந்துவிட்டது. 2,400 அடி உயரத்தில் அளவுக் காற்று மண்டலத்தின்படி (கணக்குக்காக வைத்திருக்கும் சராசரிக் காற்று) வெப்பம் 10 டிகிரி இருக்க வேண்டும். ஜனவரி மதியம் 33 டிகிரி என்றால் 23 டிகிரி அதிகம். ஒரு டிகிரிக்கு 120 அடி என்று பெருக்கிச் சேர்த்தால் 5,100 அடிக்கு மேல். அதாவது எஞ்சினுக்கும் இறக்கைக்கும் நீங்கள் 5,000 அடியில் நிற்கிறீர்கள். இதைத்தான் டென்சிட்டி ஆல்டிட்யூட் என்கிறோம். ஓடும் தூரம் நீளும், ஏறுவது குறையும்.

டேங்கை நிரப்பி, பின் சீட்டில் இரண்டு நண்பர்களையும் ஏற்றிக்கொண்டு மதியம் கிளம்பாதீர்கள். அடிவாரத்து ஓடுபாதைகள் இன்னும் உயரம், அங்கே மிக்ஸ்ச்சரை (எரிபொருளும் காற்றும் சேர்ந்த கலவையை) சரியாக மெலிதாக்காமல் கிளம்பினால் இருக்கும் பவரும் கிடைக்காது. கடலோரத்தில் படித்தவர்கள் மிக்ஸ்ச்சர் கைப்பிடியைத் தொடவே மறந்திருப்பார்கள். கோடையில் மலைப்பக்கம் மதியத்துக்கு மேல் இடிமேகம் எழும்புவதையும் சேர்த்துப் பாருங்கள். விடிந்ததும் கிளம்பி பத்து மணிக்குள் திரும்பிவிடுவது என் வழக்கம்.

டர்பனில் மேகம் 2,000 அடியில் இருக்கிறது, போகலாமா?

எதற்கு மேல் 2,000 அடி என்று முதலில் கேளுங்கள். ஓடுபாதையில் வெப்பம் 24 டிகிரி, டியூ பாயின்ட் (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 19 டிகிரி என்றால் இடைவெளி 5. ஒரு டிகிரிக்கு 400 அடி என்று வைத்தால் மேகத்தின் அடி ஏறக்குறைய 2,000 அடி. கடலோரத்தில் அது தாராளம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஓடுபாதையே 2,400 அடியில் இருக்கிறது. நீங்கள் மேகத்துக்குக் கீழே போய்க்கொண்டே இருப்பீர்கள், தரை மேகத்துக்குள் ஏறிவிடும். ஹில்டன், ஹோவிக் பக்கம் ஈரக் கடல்காற்று சரிவில் ஏறிக் குளிர்ந்து மூடுபனியாகப் படுத்துக்கொள்வது இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். என்3 நெடுஞ்சாலையில் கார்கள் பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்வதைப் பார்த்திருப்பீர்கள்.

அனுபவம் இருந்தால் சமாளிக்கலாம் என்ற எண்ணம் வரும். 1971 மே 26 அன்று, கேப் டவுனில் அணிவகுப்பு ஒத்திகையின்போது தென்னாப்பிரிக்க விமானப்படையின் மூன்று மெர்க்யூரியஸ் ஜெட்டுகள் டெவில்ஸ் பீக் மலையில் மோதின, 11 பேரும் இறந்தார்கள். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஹான்சி குரோன்யேவைத் தெரியும். 2002 ஜூன் 1 அன்று அவர் பயணம் செய்த சரக்கு விமானம் மோசமான வானிலையில் ஜார்ஜ் நகரில் இறங்க முடியாமல், அவுட்டெனிக்வா மலையில் மோதியது. அவரும் இரண்டு பைலட்டுகளும் போய்விட்டார்கள். இவர்கள் எல்லோரும் நம்மைவிடப் பெரிய விமானத்தில், கருவிகளோடு பறந்தவர்கள். மேகத்துக்குள் மலை இருக்கும் நாளில் மாணவருக்கு இடம் தரையில்தான்.

டிராகன்ஸ்பர்க்குக்கு மேலே போய்ப் படம் எடுக்கலாமா?

உக்காலாம்பா-டிராகன்ஸ்பர்க் பூங்கா 2000ஆம் ஆண்டிலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். அப்படிப்பட்ட இடத்தின் மிக உயர்ந்த புள்ளிக்கு மேல் 2,500 அடி வரையுள்ள வானமும் அந்தப் பூங்காவைச் சேர்ந்தது என்கிறது இந்நாட்டுச் சட்டம். அனுமதியில்லாமல் அதற்குள் பறக்கக் கூடாது. மஃபாடி சிகரம் 3,450 மீட்டர், அதாவது 11,300 அடி. அதோடு 2,500 அடியைக் கூட்டினால் செஸ்னா 172 ஏறக்கூடிய எல்லைக்கே வந்துவிடும். 10,000 அடிக்கு மேல் மூச்சுக் குறைந்து புத்தியும் மந்தமாகும். ஆகவே பூங்காவுக்கு வெளியே நின்று பாருங்கள். அங்கே தாடிப் பிணந்தின்னிக் கழுகும் கேப் கழுகும் சரிவுக் காற்றில் மிதக்கும். இறக்கை விரித்தால் இரண்டரை மீட்டர் அளவு. அவற்றோடு மோதுவது பறவைக்கும் நல்லதில்லை, நமக்கும் நல்லதில்லை.

இந்தியாவில் படித்த புத்தகம் இங்கே பொருந்துமா?

மூன்று இடங்களில் கவனம் வேண்டும். இங்கே வெயில் வடக்கிலிருந்து வரும், ஆகவே வடக்குப் பார்த்த சரிவுதான் சூடாகிக் காற்றை மேலே அனுப்பும். தாழ்வழுத்தத்தைச் சுற்றிக் காற்று கடிகார முள் சுற்றும் திசையில் போகும், முதுகைக் காற்றுக்குக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம் வலக்கைப் பக்கம். மூன்றாவதுதான் பலரை ஏமாற்றுவது. தமிழ்நாட்டில் காந்த விலக்கம் (உண்மை வடக்குக்கும் திசைகாட்டி காட்டும் வடக்குக்கும் உள்ள வித்தியாசம்) 2 பாகைக்குள், மறந்தாலும் பெரிதாகத் தெரியாது. இங்கே ஏறக்குறைய 25 பாகை மேற்கு. அதைக் கூட்ட மறந்தால் 60 கடல் மைலில் 25 மைலுக்கு மேல் விலகிவிடுவீர்கள். மலைநாட்டில் அது வேறு பள்ளத்தாக்கு.

கம்பிகள்?

பள்ளத்தாக்கின் குறுக்கே மின்கம்பி இருக்கும் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். கம்பி கண்ணுக்குத் தெரியாது, கோபுரத்தைத் தேடுங்கள். தரைக்கு மேல் 500 அடி என்பது சட்டத்தின் குறைந்தபட்ச அளவு, நம் பயிற்சியில் 1,000 அடி.

மலைக்குள் எஞ்சின் நின்றால்?

1,000 அடி உயரத்திலிருந்து செஸ்னா 172 ஏறக்குறைய இரண்டேமுக்கால் கிலோமீட்டர் மிதக்கும், காற்றில்லாவிட்டால். பள்ளத்தாக்கு இறங்கும் திசையில் திரும்பினால் உயரம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். சரிவில்தான் இறங்க வேண்டுமென்றால் மேல்நோக்கி இறங்குங்கள். "தம்பி, இப்போது நின்றால் எங்கே?" என்று நான் நடுநடுவே கேட்பது தொந்தரவு செய்வதற்காக இல்லை. பதில் எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்பதற்காக.

பிள்ளையை அனுப்பப் பயமாக இருக்கிறது, சார். இது ஆபத்தா?

இதைக் கேட்கும் அம்மா அப்பாவிடம் ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். மலைப்பக்கம் பறப்பதில் ஆபத்து உண்டு. அதில் பெரும்பகுதி கிளம்பலாமா, திரும்பலாமா என்ற முடிவுகளில் இருக்கிறது, அதைக் கற்றுக்கொடுக்க முடியும். நீங்கள் செய்யக்கூடிய ஒரு பெரிய உதவி உண்டு. "இன்றைக்குப் பறக்கவில்லை, வானிலை சரியில்லை" என்று பிள்ளை போனில் சொன்னால், "சரிப்பா, நல்லது" என்று சொல்லுங்கள். வங்கிக் கடனை அன்றைக்கு நினைவுபடுத்த வேண்டாம். அந்தக் கடன் அவர்கள் தலையில் ஏற்கெனவே இருக்கிறது.

புதிதாகக் கற்றுக்கொடுக்க வருகிறேன். மாணவர் தவறு செய்யும்போது எப்போது கண்ட்ரோலை வாங்குவது?

சமதளத்தில் தவறைக் கொஞ்சம் வளரவிட்டுப் பார்க்கலாம். பள்ளத்தாக்கில் அந்த வசதி கிடையாது. உங்கள் சொந்தத் திருப்பத்துக்கு வேண்டிய அகலத்தை முதலிலேயே மனசில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு மடங்கு இருக்கும்போதே கேளுங்கள்: "தம்பி, இப்போது என்ன செய்யலாம்?" அவர் திரும்ப முடிவெடுத்தால், அது தேவைக்கு முன்னதாகவே இருந்தாலும், தடுக்காதீர்கள். "இன்னும் கொஞ்சம் போயிருக்கலாம்" என்று இறங்கிய பிறகுகூடச் சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல் அடுத்த முறை, நீங்கள் பக்கத்தில் இல்லாத நாளில், அவர் காதில் கேட்கும்.

பாதியில் திரும்பி வந்தால் அந்தப் பறப்பு கணக்கில் சேருமா?

பறந்த நேரம் லாக்புக்கில் சேரும். உரிமத்துக்கான 150 கடல் மைல் சோலோ கிராஸ் கன்ட்ரியாக இருந்தால், இரண்டு வேறு நிலையங்களில் இறங்கி முடிக்காததால் அதை மட்டும் இன்னொரு நாள் திரும்பச் செய்ய வேண்டும். வந்ததும் என்னைக் கூப்பிடுங்கள். வானிலை பார்த்து, அடுத்த காலியான காலை நேரத்தில் உங்கள் பெயரைப் போட்டுவிடுகிறேன்.